ஐஸ் பிளான்டில் ஒரு பெண் பார்க்கும் படலம்

மோட்டார் ஓட்டுகிற டிரைவ் பெட்டிகள் இரண்டு விதமாகப் பேசும். ஒன்று வார்னிங், இன்னொன்று ஃபால்ட். வார்னிங் என்றால், "எனக்கு உடம்பு சரியில்லை, ஆனாலும் ஓடிக்கிட்டிருக்கேன், கொஞ்சம் என்னன்னு பாரு" என்று அர்த்தம். ஃபால்ட் என்றால், "சொன்னப்போ கேக்கலை இல்ல? போ, இனிமே ஓட மாட்டேன்" என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அம்மா வார்னிங், அப்பா ஃபால்ட். அம்மா காலையிலிருந்து எச்சரித்துக்கொண்டேயிருப்பாள், ஆனால் சோறும் ஆகிவிடும், துணியும் துவைத்தாகிவிடும். அப்பா வாயே திறக்க மாட்டார், திடீரென்று ஒரு நாள் சாப்பிடாமல் எழுந்து போய்விடுவார். உலகத்தில் வார்னிங்கை யாரும் மதிப்பதில்லை. இத்தனை வருஷ சர்வீஸில் நான் கற்றுக்கொண்டது இதுதான். அந்த யாரும் என்பதில் முதல் ஆள் நானே.

டிரைவ் என்பது கரண்டுக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டி. மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும், எந்தப் பக்கம் சுற்ற வேண்டும், எப்படி நிதானமாகக் கிளம்ப வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்யும். ஏதாவது கோளாறு என்றால் முகத்தில் இருக்கும் சின்னத் திரையில் இரண்டு எழுத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடும். இதற்கு இன்வெர்ட்டர் என்றும் பெயர் உண்டு. (தெருவில் அப்படிச் சொன்னால், "எங்க வூட்டு பேட்டரிக்கு கொஞ்சம் தண்ணி ஊத்திட்டுப் போயேம்மா" என்பார்கள். அதனால் நான் சொல்வதில்லை.)

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்து ஃபாக்டரிகளுக்கெல்லாம் போகிற சர்வீஸ் இன்ஜினியர் நான். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு இருந்த திமிரை இப்போது நினைத்தால் அந்தப் பெண்ணைப் பிடித்து நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது. எந்த எழுத்து வந்தால் என்ன கோளாறு என்பது எனக்கு மனப்பாடம். போனில் ஒருவர், "மேடம், டிரைவ் நின்னு போச்சு..." என்று ஆரம்பித்தாலே, அவர் முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவேன். பாதி நேரம் அது சரியாக இருக்கும். மீதி நேரம் நேரில் போய், அவர்தான் போனில் தப்பாகச் சொன்னார் என்று சாதித்துவிட்டு வருவேன்.

இப்படிச் சாதித்துக்கொண்டிருந்தபோதுதான் எண்ணூரில் ஒரு கம்பெனியில் பிரபு பழக்கமானார். அங்கே ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கிற ஃபியூஸை மட்டும் தேடிக் கொடுக்காமல் கூடவே ஒரு டீயும் கொடுப்பார். பிறகு என்ன, எனக்கு ஃபியூஸ் தேவைப்படாத நாட்களிலும் ஸ்டோர்ஸ் பக்கம் வேலை வர ஆரம்பித்தது. இரண்டு பேரும் வீட்டில் சொன்னோம். ஜாதகம் பொருந்தியது. எங்கள் அம்மா என் மனசு மாறுவதற்குள் நாள் குறிக்கச் சொன்னாள்.

பிரபுவின் அப்பா ஏழுமலை மாமா மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். காசிமேட்டில் சொந்த ஐஸ் பிளான்ட் வைத்திருப்பவர். "பொண்ணு ஓகே. ஆனா கல்யாணத்துக்கு அப்பால இந்த மோட்டார் கயட்டற வேலையெல்லாம் வேணாம். வூட்டோட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். நான் பிரபுவிடம், "வேலையை விட மாட்டேன். உங்கள வேணும்னா விடறேன்" என்றேன். (சும்மா ஒரு உதார்தான். அன்றைக்கு ராத்திரி பூரா அழுதேன்.) அவர், "பொண்ணு பாக்க வருவாரில்ல, அப்ப நீயே அவர்கிட்ட பேசு. நான் பேசினா செருப்பு வரும்" என்றார்.

ஆக, என் வேலை நிலைக்குமா போகுமா என்பது அந்த ஒரு நாள் பேச்சில் இருந்தது.

நல்ல நாள் பார்த்துக் கொடுத்தவருக்கு மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது போல. அவர் கொடுத்த நாள், தடை முடிந்து மறுநாள் படகெல்லாம் கடலுக்குப் போகிற நாள். காசிமேடே ஐஸுக்கு அடித்துக்கொள்ளும். மாமா, "காலையில வந்துட்டு ஒடனே போயிடறேன்" என்று தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆள் நல்ல அகலம். மீசை அதைவிட அகலம். பின்னால் தனம் அத்தை, அவருக்கும் பின்னால் கசங்கின சட்டையில் பிரபு. பெண் பார்க்க வருகிறவர் இப்படியா வருவார் என்று அம்மா என் காதைக் கடித்தாள்.

நான் அரக்குப் பட்டுப் புடவை, தலை நிறைய மல்லி, கையில் கேசரித் தட்டு. அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்தால் எனக்கே யாரோ மாதிரி இருந்தது. மாமா ஒரு வாய் கேசரி தின்றார்.

"இன்னாம்மா, வேலைய வுட்டுடுவ இல்ல?"

நான் ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று தயாரித்த பேச்சை ஆரம்பித்தேன். "மாமா, ஒரு ஃபாக்டரியில ஒரு டிரைவ் நின்னா எத்தனை பேர் வேலை நிக்கும் தெரியுமா..." என்று இரண்டு வரி போயிருப்பேன். அவர் செல்போன் அடித்தது. எடுத்தார். எடுத்த வேகத்தில் கேசரித் தட்டை பிரபு மடியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"இன்னாது, நின்னு போச்சா? எப்ப? டேய், வெளிய எத்தினி வண்டி நிக்குது? அய்யோ, கொல பண்ணுவானுங்கடா என்னிய!"

உடைத்த ஐஸை மேலே கொண்டுபோய் வாசலில் நிற்கும் வண்டியில் கொட்டுகிற பெல்ட் நின்றுவிட்டது. அதுதான் விஷயம். பெல்ட் ஓடவில்லையென்றால் ஐஸ் இல்லை, ஐஸ் இல்லையென்றால் படகு போகாது. அங்கே ஒரு டிரைவ்தான் அந்த பெல்ட்டை ஓட்டுகிறது என்று கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கடவுளே நேரில் வந்து இன்டர்வியூ வைக்கிறார் என்று நினைத்தேன்.

"மாமா, திரையில என்ன எழுத்து காட்டுதுன்னு கேளுங்க."

"அவனுக்கு படிக்கத் தெரியாதும்மா. ஏதோ காலையிலர்ந்து மினுக்கு மினுக்குனு மினுக்கிகினே இருந்துச்சாம். இப்ப ஒரேயடியா நின்னு போச்சாம்."

"ஓவர் கரண்ட்" என்றேன் நான். (பார்க்காமலே. தொட்டுக்கூடப் பார்க்காமலே.) "பத்து நிமிஷ வேலை மாமா. இதெல்லாம் ஒரு மேட்டரா?"

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். பட்டுப் புடவை, மல்லி, நெற்றிச் சுட்டி.

"நெசமா ஓட்டிடுவியா?"

"ஓட்டிடுவேன்."

"ஓட்டிக் காட்டிட்டேன்னு வெச்சிக்க, உன் வேலைய பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன். ஓட்டலைன்னா, நாளைக்கே பேப்பர் போட்டுடணும். சரியா?"

"சரி மாமா!"

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கையைக் காலை ஆட்டிச் சைகை காட்டினாள். முழு வார்னிங். நான் டூல் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

எல்லாரும் மாமாவின் வேனில் ஏறினோம். அது ஐஸ் ஏற்றுகிற வண்டி. உட்கார இடம் முன்னால் மட்டும்தான், அதில் பெரியவர்கள் ஏறிக்கொண்டார்கள். நானும் பிரபுவும் பின்னால் நின்றுகொண்டு போனோம். ஈரச் சாக்கு, மீன் வாசனை, அதற்கு நடுவில் என் மல்லி. பிரபு மெதுவாக, "நெசமாவே ஓட்டிடுவ இல்ல?" என்று கேட்டார். நான் அவரை ஒரு முறை முறைத்தேன் பாருங்கள், மனிதர் பிளான்ட் வரும் வரை ஈரச் சாக்கை எண்ணிக்கொண்டு வந்தார்.

பிளான்ட் வாசலில் வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றன. ஒவ்வொரு வண்டியும் ஹாரன். படகுக்காரர்கள் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெல்ட் சாய்வாக மேலே ஏறிப் போகிறது. அடி முதல் நுனி வரை உடைத்த ஐஸ் நிறைந்து அப்படியே நின்றிருந்தது. கூட்டம் என் பட்டுப் புடவையைப் பார்த்து வழி விட்டது. யாரோ ஒருவர், "இன்னா ஏழுமல, ஐஸ் மிஷினுக்கு மஞ்சத் தண்ணி ஊத்தப் போறியா?" என்றார்.

"அய்ய, கம்முனு இரு. பொண்ணு இன்ஜினியரு. எம் மருமவளா வரப்போவுது" என்றார் மாமா. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்த கெத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டிரைவ் இருந்தது மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து மாதிரியான அறையில். சுவரில் பெட்டி, பெட்டியின் தலையில் ஒரு டர்க்கித் துண்டு, துண்டின் மேல் என்னவோ ரோஸ் கலரில் ஒரு துணி. நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஏன் கண்டுகொள்ள வேண்டும்? எங்கள் அம்மா டி.வி.க்கு உறை போடுவாள், ஃபிரிட்ஜ் தலையில் பூப்போட்ட விரிப்பு போடுவாள், மிக்ஸிக்குச் சட்டையே தைத்துப் போட்டிருக்கிறாள். விலை கொடுத்து வாங்கின சாமானை மூடித்தான் வைப்பார்கள் நம் ஜனங்கள். டிரைவுக்கும் அப்படி யாரோ ஆசையாகப் போட்டிருக்கிறார்கள் என்று மனசு தானாக எடுத்துக்கொண்டது.

திரையைப் பார்த்தேன். ஓவர் கரண்ட் இல்லை. ஓவர் ஹீட். அதாவது, பெட்டிக்குள் சூடு தாங்க முடியவில்லை என்கிறது. காலையிலிருந்து மினுக்கினது அதே சூட்டுக்கான வார்னிங்.

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காற்று உள்ளே போகிறதா பார், காற்று வெளியே வருகிறதா பார், ஃபேன் சுற்றுகிறதா பார். அவ்வளவுதான், கை வைத்துப் பார்க்கிற வேலை. ஆனால் அறை வாசலில் என் மாமனார், மாமியார், அப்பா, அம்மா, பிரபு, பாதி காசிமேடு. கையை வைத்துத் தடவிப் பார்ப்பதில் என்ன கெத்து இருக்கிறது? நான் யோசித்தேன். வெளியே டன் கணக்கில் ஐஸ். என் காலெல்லாம் விறைக்கிறது. இந்த இடத்தில் ஒரு பெட்டி சூடாகிவிட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? டிரைவ் பொய் சொல்கிறது!

"சென்சார் மூளை குழம்பிப் போச்சு மாமா" என்று சத்தமாக அறிவித்தேன்.

ரீசெட் அடித்தேன். ஓடியது. வாசலில் கைத்தட்டல். கைத்தட்டி முடிப்பதற்குள் மினுக்க ஆரம்பித்து, நின்றுவிட்டது. மறுபடி ரீசெட், மறுபடி அதே. மாமா மீசையைத் தடவ ஆரம்பித்தார். எனக்குக் காதெல்லாம் சூடேறியது.

"ஒட்டுமொத்தமா அழிச்சுட்டு முதல்லர்ந்து ஆரம்பிச்சாத்தான் சரிப்படும்" என்று சொல்லி, உள்ளே இருந்த செட்டிங் அத்தனையையும் அழித்தேன். பெட்டி கம்பெனியிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி ஆக்கிவிட்டேன். எங்கள் தொழிலில் முதல் பாடம், எதை அழிக்கிறதுக்கும் முன்னால் பழைய செட்டிங்கை ஒரு போட்டோவாவது எடுத்து வை என்பது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தப் பாடம் எடுப்பதே நான்தான்.

நான் எதையெல்லாம் அழித்தேன் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த மோட்டாருக்கு முதலில் ஒயர் கொடுத்த புண்ணியவான் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கிறது. திரும்பக் கழற்றி மாட்டச் சோம்பல்பட்டு, டிரைவுக்குள் திசையை மட்டும் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை அழித்தேன். பெல்ட் ஆடி அசைந்து போனால் போதும் என்று வேகத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். அதையும் அழித்தேன். வெளியே ஒரு சிவப்பு பட்டன் உண்டு, அதை அமுக்கினால் பெல்ட் நிற்கும் என்று உள்ளே சொல்லி வைத்திருந்தார்கள். அதையும் விட்டுவைக்கவில்லை.

இதற்குள் மாமாவுக்குப் பொறுமை போய், பெல்ட்டின் அடியில் போய் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டார். மேலே பார்த்தபடி படகுக்காரர்களிடம், "தோ, இப்ப ஓடும் பாரு. நம்ம பொண்ணு கைய வெச்சிட்டா ஷோக்கா ஓடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படிப்பட்ட மனிதரையா தப்பாக நினைத்தோம் என்று உருகிப்போய், ஓட்டுகிற பட்டனை அமுக்கினேன்.

பெல்ட் ஓடியது. முழு வேகத்தில் ஓடியது. கீழ்நோக்கி ஓடியது.

அடி முதல் நுனி வரை நிறைந்திருந்த ஐஸ் மொத்தமும் "ஹோ" என்று ஒரு சத்தத்தோடு இறங்கி வந்து மாமா மேல் கொட்டியது. முதலில் அவர் காலைக் காணோம். அடுத்து வேட்டியைக் காணோம். "ஏ... ஏ... நிறுத்து! நிறுத்துங்கடா!" என்று அவர் அலற, யாரோ ஓடிப்போய்ச் சிவப்பு பட்டனைக் குத்தினார். குத்தினார், குத்தினார், குத்திக்கொண்டேயிருந்தார். பெல்ட்டுக்கு அதெல்லாம் எட்டவில்லை. ஐஸ் உடைக்கிற மிஷின் வேறு தனி மோட்டார், அது பாட்டுக்குப் புதுசு புதுசாக உடைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

டிரைவில் இருக்கிற ஸ்டாப்பை அமுக்கியிருந்தால் அந்த நொடியே நின்றிருக்கும். நான்தான் அதன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேனே! ஆனால் அலறல் கேட்டதும் ஸ்டாப்பை அமுக்காமல், "மாமா!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினேன். பட்டுப் புடவை, கீழே ஐஸ். மூன்றாவது எட்டில் கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் சறுக்கிக்கொண்டு நேராக மாமா முன்னால் போய் நின்றேன். ஆசீர்வாதம் வாங்கப் போனவள் மாதிரியே இருந்தது என்று அம்மா இன்னமும் சொல்கிறாள்.

கடைசியில் பிரபுதான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்தார். பிளான்ட் மொத்தமும் அடங்கியது. வெளியே ஹாரன்கூட நின்றுவிட்டது. மாமா இடுப்பு வரை ஐஸுக்குள் நின்றிருந்தார். மீசையில் இரண்டு பக்கமும் ஐஸ். நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் அப்பா அன்றைக்கு முதன்முதலாக வாயைத் திறந்து, "குளிருமே" என்றார்.

மாமா என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டார். "இன்னாம்மா. ஓடிச்சா?"

"ஓடிச்சு மாமா" என்றேன். "பக்கம்தான் கொஞ்சம்..."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. வேலையும் போச்சு, பிரபுவும் போச்சு, காசிமேடு பக்கம் தலை காட்டக்கூட முடியாது. நான் நல்ல வேலைக்காரி, சத்தியமாக நல்ல வேலைக்காரி, இதை இனி யாரிடம் போய்ச் சொல்வது?

ஆட்கள் பலகையால் ஐஸை வாரி மாமாவை வெளியே எடுத்தார்கள். அம்மா, "அண்ணே, தலைய தொவட்டுங்க, சளி புடிச்சிக்கும்" என்று பதறிக்கொண்டு உலர்ந்த துணி தேடினாள். அந்த இடத்தில் உலர்ந்த துணி ஏது? நேராக டிரைவ் அறைக்குள் போய், பெட்டியின் தலையில் இருந்த ரோஸ் கலர் துணியையும் துண்டையும் உருவிக்கொண்டு வந்தாள்.

"அட, இது இன்னாடி, இஸ்திரி பெட்டியிலர்ந்து எடுத்த மாரி சுடச்சுட கீது!"

அது துணி இல்லை. சட்டை. பெரிய சைஸ், முழுக்கைச் சட்டை. பிரபு அதைப் பார்த்துவிட்டு, "அட, எஞ் சட்டை! இதத்தான காலையிலர்ந்து தேடறேன்" என்றார். பெண் பார்க்கப் போட்டுக்கொண்டு வர வேண்டிய புதுச் சட்டை. அம்மா அதைக் காதில் வாங்காமல் மாமா தலையை அந்தச் சட்டையாலேயே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அழுகையை நிறுத்திவிட்டுத் தனம் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தார். பார்த்த உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாமா வீடு பிளான்ட் மாடியில்தான். ஐஸ் பிளான்ட் ஈரத்தில் எந்தத் துணியும் லேசில் காயாது. அந்த வீட்டில் சூடான காற்று வருகிற ஒரே இடம் டிரைவின் தலைதான். அத்தை காலையில் அவசரமாகச் சட்டையைத் துவைத்து, தண்ணீர் சொட்டக்கூடாது என்று அடியில் துண்டையும் மடித்துப் போட்டு, காற்று வெளியேறுகிற ஓட்டையை மூடி காயப்போட்டிருக்கிறார். உள்ளே இருந்த சூடு போக வழியில்லாமல் டிரைவ் காலையிலிருந்து, "மூச்சு முட்டுது, மூச்சு முட்டுது" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் வந்து அதற்கு மூளை குழம்பிவிட்டது என்று ஊர் முன்னால் சொன்னேன்.

"இன்னாதான்மா கோளாறு அதுல?" என்றார் மாமா, சட்டைக்குள்ளிருந்து.

சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை, நான் தப்பித்திருப்பேன். அத்தையின் முகம் வெளுத்துப் போயிருந்தது. சுற்றி அத்தனை படகுக்காரர்கள். மாமா கோபக்காரர். எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை.

"காத்து போவலை மாமா. இப்ப போவும்" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இதுக்கா என்னிய ஐஸ்ல பொதச்ச?"

பிரபுவை மெயின் சுவிட்சைப் போடச் சொல்லிவிட்டு அறைக்குள் போனேன். இந்த முறை கூட்டத்தைப் பார்க்கவில்லை. டிரைவ் தலைமேல் கை வைத்துப் பார்த்தேன். சூடான காற்று சுகமாக வெளியே வந்தது. ஃபால்ட் போய்விட்டது. ஆனால் நான் அழித்த செட்டிங்? அது யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றாகத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டும். பிரபு பெல்ட் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"இன்னும் மெதுவா!"

"இப்ப?"

"ரொம்ப மெதுவாயிடுச்சு, தூங்குது!"

"இப்ப?"

"ஆங், அப்டியே வுடு! அப்டியே வுடு!"

சிவப்பு பட்டனைப் பலமுறை அமுக்கிப் பார்த்து, நிற்கிறது என்று நிச்சயமான பிறகுதான் வெளியே வந்தேன். பெல்ட் மேல்நோக்கி, ஆடி அசைந்து போனது. முதல் வண்டியில் ஐஸ் விழுந்தது. படகுக்காரர்கள் கத்துவதை நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அது இன்னும் மோசம்.

எல்லாரும் மாடியில் இருந்த வீட்டுக்குப் போனோம். மாமா கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். ஜூன் மாசத்து மெட்ராஸ் வெயிலில் ஒரு மனிதன் கம்பளிக்குள் நடுங்குவதை நான் முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தாள். கண்ணாலேயே என்னைப் பொசுக்கினாள்.

தனம் அத்தை காபி போடுகிற சாக்கில் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"அவராண்ட சொல்லிடாத கண்ணு."

"எதை அத்தை?"

அத்தை என் முகத்தையே பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் சிரித்தோம். அப்புறம் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, காபித் தட்டோடு ஹாலுக்குப் போய், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால், "எனக்குப் பொண்ணப் புடிச்சிப் போச்சு. பூ வெச்சிடலாம்" என்றார்.

மாமா கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "இன்னாது? இத்தினி நடந்தப்புறமா?"

"இன்னா நடந்துச்சு? மிஷினு ஓடலியா? ஓட்டிக் காட்டினா வாய தொறக்க மாட்டேன்னு நீதான சொன்ன?"

கீழே பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மனிதர் ஒரு மடக்கு காபி குடித்தார். யோசித்தார். மறுபடி ஒரு மடக்கு. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"சரி" என்றார். "நான் ஒரே ஒரு வார்த்த சொல்றேன். இந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு அப்பால வேலைய வுடவே கூடாது. டெய்லி போவணும். லீவே போடக்கூடாது. காலையில மொதல் ஆளா போயி, கடைசி ஆளா வரணும். வூட்ல குந்திகினு இருந்துச்சுன்னா எம் மிஷினு மேலதான் கைய வெக்கும்."

அப்படித்தான் என் வேலை நிலைத்தது. எங்கள் சொந்தத்தில் மாமனார் தன் வாயாலேயே வேலைக்குப் போகச் சொன்ன ஒரே மருமகள் நான் என்று அம்மா எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வாள். காரணத்தைச் சொல்ல மாட்டாள்.

கல்யாணமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. அத்தை எனக்குக் காலை டிபன் கட்டிக் கொடுக்காத நாள் கிடையாது. உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் படுத்தால்கூட மாமா வாசலிலேயே கவலையோடு உட்கார்ந்துவிடுவார். "இன்னிக்கு போவலியா? நாளைக்காவது போவுமா?" என்று அத்தையிடம் விசாரித்துக்கொண்டே இருப்பார். விருந்தாளி யார் வந்தாலும் அந்த ஐஸ் கதையை ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் ஐஸ் கொஞ்சம் ஏறும். இடுப்பில் ஆரம்பித்தது இப்போது கழுத்துக்கு வந்துவிட்டது. சட்டை விஷயம் மட்டும் அவருக்கு இதுவரைக்கும் தெரியாது. இதைப் படிக்கிற புண்ணியவான்கள் யாரும் அவரிடம் சொல்லிவிட வேண்டாம், அத்தை பாவம்.

பிளான்டில் இப்போது டிரைவுகள் பெருகிவிட்டன. வருஷாந்திர சர்வீஸை மாமா வேறொரு கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறார். எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "உங்க சொந்த வீட்டு ஆர்டராச்சேம்மா, அதைக்கூட நீ வாங்கித் தர மாட்டியா?" என்று வருஷா வருஷம் கேட்கிறார். மணலி வரைக்கும் எங்கே டிரைவ் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு டிரைவ் நின்றால், எதிர்க் கம்பெனிக்காரர் வந்து சரி செய்கிற வரை நான் மாடியை விட்டு இறங்கக்கூடாது என்பது சட்டம்.

அந்த அறைக்கு இப்போது கதவு போட்டுப் பூட்டும் போட்டாகிவிட்டது. சாவி வீட்டில் ஆளுக்கு ஒன்று இருக்கிறது. மாமாவிடம், அத்தையிடம், பிரபுவிடம், ஏன், ரெண்டாம் கிளாஸ் படிக்கிற என் மகள் புத்தகப் பையில்கூட ஒன்று தொங்குகிறது. எனக்குத்தான் இல்லை. போன வாரம் சும்மா ஒரு ஆசைக்கு, "அம்மாவுக்கு ஒரு தடவை காட்டேன்டி" என்று அவளிடம் கேட்டுப் பார்த்தேன். பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினாள். "தாத்தா, அம்மா சாவி கேக்குது!" என்று அவள் போட்ட கூச்சலில், கீழே யாரோ மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார்கள்.